நாடகத்தில் வராத டவுன் பஸ்

பாகு காய்ச்சும்போது பேசக் கூடாது. பராக்கு பார்த்து ஒரு நிமிஷம் விட்டால் வெல்லம் கருகிவிடும். முந்தி இறக்கினால் மிட்டாய் கையில் ஒட்டும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். சொட்டு உருண்டு நின்றால் இறக்கலாம். கோவில்பட்டியில் ஒரு கடலை மிட்டாய்க் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக இந்த வேலைதான் செய்கிறேன். படித்தது ஐந்தாம் வகுப்பு. சொந்த ஊர் புதூர்ப் பக்கம். அப்பா ஆடு மேய்த்தார். நானும் மேய்த்தேன். ஆட்டோடு இருந்ததால் பேச்சு அதிகம் பழகவில்லை.

வீட்டில் பேசியது என் மனைவிதான். மில்லில் வேலை பார்த்தாள். வயிற்றில் கட்டி என்றார்கள். மதுரைக்குக் கொண்டுபோனோம். மூன்று மாதம்தான். மகள் அப்போது ஒன்பதாவது படித்தாள்.

பிறகு வீட்டில் நானும் அவளும் மட்டும். காலையில் ஐந்தரைக்கு நான் வேலைக்குக் கிளம்பிவிடுவேன். முந்தின ராத்திரியே பொங்கிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்திருப்பேன். அவள் தானாக எழுந்து, தானாகச் சாப்பிட்டு, பள்ளிக்கூடம் போவாள். சாயந்தரம் ஐந்து மணிக்கு நான் வரும்போது அவளும் வந்திருப்பாள். ரசம் வைப்பேன், இல்லையென்றால் முட்டை பொரிப்பேன். இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து சாப்பிடுவோம்.

ஏழரை மணிக்கு ஒரு நாடகம் போடுவார்கள். அதற்கு மட்டும் அவள் டிவிக்கு முன்னால் வந்து உட்காருவாள். அவள் இருக்கிறாளே என்று நானும் உட்காருவேன். அந்த அரை மணி நேரம்தான் நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் இருந்தது.

அது மெட்ராஸில் ஒரு பெரிய வீட்டில் நடக்கிற கதை. அந்த வீட்டில் குடியிருக்கிறவர்கள் எல்லாரும் ஒத்தை ஆள்கள். புருஷன் செத்துப்போன ஒருத்தி, விவாகரத்து வாங்கிய ஒருத்தி, பொண்டாட்டி விட்டுப் போன ஒருத்தன். ஒவ்வொருவருக்கும் ஒரு பிள்ளை. எல்லாம் கோளாறு பிடித்த பிள்ளைகள். ஒரு பையன் கார் டயரையெல்லாம் குத்திக் கிழித்துவிடுவான். ஒரு சின்னவன் கண்டதைத் திருடிப் பெட்டியில் வைப்பான். பொண்டாட்டி விட்டுப் போனவனுடைய மகள் யாரோடும் பேச மாட்டாள். அவன் கோட்டு போட்டுக்கொண்டு ஆபீஸ் போவான், வந்து அவள் கதவுக்கு வெளியே நின்று அழுவான். பின்னால் வயலின் வாசிப்பார்கள்.

என் மகள் அழுகிற இடத்தில் அழ மாட்டாள். ஒரு தடவை மட்டும் சொன்னாள்: "இந்த வீட்டுல யாருமே ஏனம் கழுவ மாட்டாவ போல." அந்த மாதம் அவள் என்னிடம் பேசியதில் அதுதான் நீளமான பேச்சு.

தீபாவளி நெருங்கியது. கம்பெனியில் ஆர்டர் கூடியது. பாகு வேலை நாலரைக்கு முடிந்துவிடும். ஆனால் வெட்டுகிற பெண்களும் பாக்கெட் போடுகிற பெண்களும் எட்டரை வரை இருக்க வேண்டியிருந்தது. அவர்களும் அதே நாடகம் பார்க்கிறவர்கள். அவர்களுக்கு அது தவறியது.

பாக்கெட் போடுகிறவர்களில் மூத்தவர் ஒருவர் உண்டு. எல்லாரும் பெரியக்கா என்போம். வேதக்காரர். இளவயதில் புருஷனை இழந்து இரண்டு பையன்களை வளர்த்து ஆளாக்கியவர். கழுத்தில் ஜெபமாலை கிடக்கும். வாய் மட்டும் ஜெபத்துக்கு அடங்காது. அவர் பக்கத்தில் பசுவந்தனையிலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு பெண். அவளை ஊர்ப் பேரைச் சொல்லிப் பசுவந்தனைக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் மிட்டாய் வெட்டுகிற வேகத்தில் பேசுவாள்.

ஒரு நாள் காலையில் பெரியக்கா அடுப்பு பக்கம் வந்து நின்றார்.

"ஏ தம்பி, நீ நேத்து நாடகம் பாத்தியாமே?"

"பாத்தேன்."

"என்ன நடந்துச்சு?"

"அந்தப் பையன் டயரைக் கிழிச்சான்."

"அது தெரியும். பொறவு?"

"அவ்வளவுதான்."

பசுவந்தனைக்காரி அந்தப் பக்கமிருந்து கத்தினாள். "அரை மணி நேரம் ஓடுத நாடகம் அண்ணாச்சிக்கு ஒரே வரியில முடிஞ்சிருச்சு. இவியகிட்ட கதை கேக்குறதுக்கு அந்தக் கடலையை ஒவ்வொண்ணா எண்ணலாம்."

பெண்கள் சிரித்தார்கள். நான் சட்டியைப் பார்த்துக்கொண்டேன்.

ஆனாலும் மறுநாளும் கேட்டார்கள். அதற்கடுத்த நாளும் கேட்டார்கள். காலை பதினோரு மணிக்கு டீ வரும்போது அடுப்பை அணைத்துவிட்டு நான் போய் அவர்கள் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று ஆகிவிட்டது. முதலில் நாலு வரி சொன்னேன். பிறகு பத்து வரி ஆனது. அந்த விவாகரத்து வாங்கியவள் என்ன சேலை கட்டியிருந்தாள் என்று கேட்பார்கள். எனக்குத் தெரியாது. பச்சை என்று சொல்லி வைப்பேன்.

அப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. மகளுடைய வகுப்பு டீச்சர். பதினாறு நாளாக மகள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை என்றார். தீபாவளி லீவு முடிந்ததும் பத்தாம் வகுப்பு அரசுப் பரீட்சைக்குப் பேர் அனுப்பப் போகிறோம், வராத பிள்ளையின் பேரை எப்படி அனுப்புவது, வந்து என்னவென்று சொல்லுங்கள் என்றார். நான் சரி என்றேன்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. காலையில் யூனிபார்ம் போட்டுத்தான் போகிறாள். சாயந்தரம் பையோடுதான் வருகிறாள்.

வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "எங்கட்டி போற நீ?"

அவள் பையைக் கீழே வைத்தாள்.

இன்னொரு தடவை கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். என் கை ஓங்கிவிட்டது. கன்னத்தில் ஒரு அடி. பிறந்ததிலிருந்து அவளை நான் அடித்ததில்லை. அவள் அழவில்லை. உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்கு நாடகத்துக்கும் வரவில்லை. நானும் போடவில்லை.

அவள் பை வெளியே கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். புத்தகங்களுக்கு நடுவில் ரப்பர் பேண்ட் போட்டு ஒரு கட்டு இருந்தது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கொடுக்கிற இலவச டிக்கெட். கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை, பசுவந்தனையிலிருந்து கோவில்பட்டி. ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது என்று இருந்தது. பிள்ளை பகல் முழுக்க பஸ்ஸில் போய்ப் போய் வந்திருக்கிறாள். இறங்கவே இல்லை.

அந்த டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. என் கூடப்பிறந்தவர்களிடம் சொன்னால், பிள்ளையை ஒரு இடத்தில் கட்டிக் கொடுத்துவிடு என்பார்கள். பேர் போகவில்லை என்றால் படிப்பு போச்சு. படிப்பு போனால் அவளும் இப்படியே வாயை மூடிக்கொண்டு எங்கேயாவது பாக்கெட் போட உட்கார வேண்டியதுதான். அவள் அம்மா அதற்காக அவளைப் பெறவில்லை.

மறுநாள் டீ வந்தது.

"அண்ணாச்சி, நேத்து என்ன ஆச்சு? அந்தப் பேசாத பிள்ளை பேசிச்சா?" என்றாள் பசுவந்தனைக்காரி.

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"அது பள்ளிக்கூடத்துக்கே போகலையாம்," என்றேன்.

"ஐயையோ. பொறவு எங்க போகுதாம்?"

"பஸ்ல போகுது. காலையில ஏறி சாயந்தரம் வரைக்கும் டவுன் பஸ்லயே போய்ட்டுப் போய்ட்டு வருது."

வெட்டுகிற கத்தி நின்றது. ஒருத்தி கேட்டாள்: "மெட்ராஸ்ல கார்ல போற பிள்ளைல்லா அது? அது எதுக்கு டவுன் பஸ்ல ஏறுது?"

"கார் ரிப்பேரு," என்றேன்.

பெரியக்கா அவளை ஒரு பார்வை பார்த்தார். "ஏட்டி, கதை கேக்குத நேரத்துல காருக்குச் சக்கரம் இருக்கா இல்லையான்னு கேக்காத. நீ சொல்லு தம்பி. அப்பன்காரன் என்ன செஞ்சான்?"

"அடிச்சுட்டான்."

"அடிச்சானா!" பசுவந்தனைக்காரி கத்தியைப் பலகையில் வைத்தாள். "அவன் கை வெளங்குமா? தாய் இல்லாத பிள்ளையைக் கை நீட்டி அடிக்க அவனுக்கு எப்படி மனசு வந்துச்சு? கோட்டு போட்டாப் போதுமா, புத்தி வேண்டாம்? என் முன்னாடி வரட்டும் அந்த மூதி."

நான் டீயைக் குடித்தேன். சூடு தெரியவில்லை.

"பொண்டாட்டி விட்டுட்டுப் போனவன்னுல்லா சொன்னாவ, இப்ப தாய் இல்லாத பிள்ளைங்குதா," என்று பின்னாலிருந்து ஒருத்தி முனகினாள். யாரும் அதைக் கவனிக்கவில்லை. நானும் அப்போது கவனிக்கவில்லை.

பெரியக்கா மெதுவாகப் பேசினார். "அடிச்சது அடிச்சாச்சு. இப்போ அவன் என்ன செய்யணும் தெரியுமா? ஏன் போகலைன்னு கேக்கப்படாது. கேட்டா பிள்ளை இன்னும் இறுகிரும். எனக்கு மூத்தவன் அப்படித்தான், எட்டாவதுல. கேக்கக் கேக்க ஊமையாயிட்டான். கேக்காம இருந்தேன், ஒரு மாசத்துல அவனே சொன்னான்."

"மாசமெல்லாம் ஆகாது," என்றேன். "பரீட்சைக்குப் பேர் அனுப்பணும். லீவு முடிஞ்ச உடனே."

"நாடகத்துலயா?"

"நாடகத்துலதான்."

அவர் கையிலிருந்த பாக்கெட்டை மடித்து வைத்தார். "அப்பம் அவன் அந்த பஸ்ல ஏறணும். வேற வழி இல்லை. ஏறி சும்மா உக்காரணும். வீட்டுக்கு வான்னு சொல்லப்படாது, பள்ளிக்கூடத்துக்கு வான்னு சொல்லப்படாது. பிள்ளை போற மட்டும் போகணும். அந்தக் கோட்டுக்காரனுக்கு அது தெரியுமான்னு தெரியலையே."

"தெரியாது," என்றேன்.

"இன்னைக்கு நாடகத்துல ஏறுதானான்னு பாத்து வந்து சொல்லு."

அன்றைக்குச் சாயந்தரம் மழை. இடி விழுந்து கரண்ட் போனது. நாடகம் யாருக்கும் இல்லை. மறுநாள் முதலாளியிடம் போய் ஒரு நாள் லீவு வேண்டும் என்றேன். தீபாவளி நேரத்தில் லீவா என்று நிமிர்ந்து பார்த்தார். நான் லீவு கேட்டே ஒரு வருஷம் ஆகியிருந்தது. காரணம் கேட்காமல், நானே அடுப்பு பார்த்துக்கொள்கிறேன், போ என்றார். அவர் அன்றைக்கு மூன்று சட்டி பாகைக் கருக்கிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். என்னிடம் அதைச் சொல்லவே இல்லை.

எட்டரை மணிக்கு பஸ் ஸ்டாண்டில் நின்றேன். மகள் வந்தாள். பசுவந்தனை பஸ்ஸில் ஏறி, டிரைவருக்குப் பின்னால் ஜன்னல் ஓர சீட்டில் உட்கார்ந்தாள். நான் பின்வாசலில் ஏறினேன். நாலு சீட் தள்ளி உட்கார்ந்தேன். அவள் திரும்பினாள், பார்த்தாள். எழுந்து இறங்கிவிடுவாள் என்று நினைத்தேன். இறங்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கண்டக்டர் வந்தார். "எங்க போகணும்?"

"பசுவந்தனை. போய்த் திரும்பணும்."

"ரிட்டன் டிக்கெட்டெல்லாம் கிடையாது, அப்பப்ப வாங்குங்க. அங்க யார் வீட்டுக்கு?"

நான் முன்னால் மகளைக் கைகாட்டினேன். அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"அப்பாவா? நல்லவேளை வந்தீய. ரெண்டு வாரமா வருது பிள்ளை. வம்பு தும்பு ஒண்ணும் இல்லை. ஒரு நாள் ரெண்டு பயலுவ வந்து பக்கத்துல உக்காந்து பேச்சுக் குடுத்தானுவ, ஏறி மிதிச்சு இறக்கி விட்டேன். அதுலருந்து அந்த சீட்டை வேற யாருக்கும் விடுததில்லை. கேட்டா பேசாது. மத்தியானம் சாப்பிட்டியான்னு கேட்டா தலையை மட்டும் ஆட்டும். யார்கிட்ட சொல்லுததுன்னு எனக்கும் தெரியலை." டிக்கெட்டைக் கிழித்தார். "பிள்ளைக்கு ஃப்ரீ. உங்களுக்கு ஃப்ரீ இல்லை, அண்ணாச்சி. கவர்மெண்ட்டு ஆம்பிளையை நம்பலை."

அந்த மனுஷன் பேர்கூட எனக்குத் தெரியாது. பதினாறு நாள் என் மகளுக்கு அவர்தான் காவல் இருந்திருக்கிறார்.

ஊரைத் தாண்டியதும் கரிசல் காடு. மழை பெய்திருந்ததால் மண் கறுத்துக் கிடந்தது. உளுந்து ஒரு சாண் உயரம் வந்திருந்தது. கரண்ட் எடுக்கிற காற்றாடிகள் சில சுற்றின, சில சும்மா நின்றன. ஒரு நிறுத்தத்தில் ஒருவர் ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். அது வழி முழுக்கக் கத்தியது. எனக்குப் பழகிய சத்தம்.

பசுவந்தனையில் பஸ் பத்து நிமிஷம் நின்றது. அவள் இறங்கவில்லை. நான் இறங்கி இரண்டு வடை வாங்கி வந்து அவள் பக்கத்தில் பேப்பரோடு வைத்தேன். அவள் தொடவில்லை. திரும்பி கோவில்பட்டி வந்தோம். மறுபடி பசுவந்தனை. வடை அப்படியே இருந்தது. எனக்கு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. பெரியக்கா சொல்லியிருக்காவிட்டாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். கேட்கத் தெரியாத மனுஷனுக்கு அது ஒரு வசதி.

மூன்றாவது தடவை பஸ் கிளம்பும்போது அவள் பக்கத்து சீட்டில் இருந்த பையையும் வடைப் பொட்டலத்தையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் போய் உட்கார்ந்தேன். கண்டக்டர் பெண்கள் சீட் என்று ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாதி வழியில் அவள் பேசினாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ரேங்க் கார்டுல அம்மா கையெழுத்தை நான் போட்டேன்."

நான் அவள் மடியில் இருந்த பையைப் பார்த்தேன்.

"எப்பவும் அம்மாதான் போடுவா. எனக்கு அவ கையெழுத்து அப்படியே வரும். மொத தடவை போட்டேன், டீச்சர் பாக்கலை. ரெண்டாவது தடவையும் பாக்கலை. மூணாவது தடவை பாத்துட்டாவ. எல்லாருக்கும் முன்னாடி, உங்கம்மா எப்பம் வந்து போட்டாங்கன்னு கேட்டாவ. ஒருத்தி சிரிச்சுட்டா."

ஆட்டுக்குட்டி அப்போது பஸ்ஸில் இல்லை. பஸ் சத்தம் மட்டும்தான் இருந்தது.

"என்கிட்ட குடுத்திருக்கலாமே, தாயி," என்றேன்.

"நீங்க கேட்டதே இல்லை."

அது உண்மை. பள்ளிக்கூடத்தில் ரேங்க் கார்டு என்று ஒன்று கொடுப்பார்கள் என்பதே எனக்கு ஞாபகம் இல்லை. அதெல்லாம் அவள் அம்மா பாடு. அவள் போன பிறகு அந்த வேலையை நான் எடுத்திருக்க வேண்டும். நான் சோற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

"பஸ்ல யாரும் எதையும் கேக்க மாட்டாவ," என்றாள். பிறகு வடையை எடுத்துத் தின்றாள். ஆறிப்போய் எண்ணெய் உறைந்திருந்தது. இரண்டையும் தின்றாள்.

பள்ளிக்கூடத்துக்கு வருகிறாயா என்று நான் கேட்கவில்லை. வீட்டு வாசலில் அவளே சொன்னாள்: "நீங்க வந்து பேசுனா வாரேன். நான் ஒத்தையில போக மாட்டேன்."

எனக்கு அதுதான் பயமாகப் போய்விட்டது. பெரிய டீச்சர் அறைக்குள் போய் நான் என்ன பேசுவேன்? சரி என்பேன், இல்லை என்பேன். பிள்ளை கையெழுத்துப் போட்டது தப்பு என்று அவர்கள் சொன்னால் சரி என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

மறுநாள் டீ நேரத்துக்கு முன்னாலேயே பெரியக்காவிடம் போனேன்.

"யக்கா, அந்த நாடகத்துல வர்ற பிள்ளை இருக்குல்லா. அது பள்ளிக்கூடத்துக்கு வாரேன்னு சொல்லிட்டு. ஆனா அப்பன்காரன் வந்து பேசணும்னு…"

"போதும் தம்பி," என்றார் அவர். "நாடகத்தை அணைச்சிரு. பிள்ளையை என்னைக்குக் கூட்டிட்டுப் போகணும்?"

நான் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டேன்.

பசுவந்தனைக்காரி அங்கிருந்து வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "அண்ணாச்சி, நான் தினம் எந்த பஸ்ல வாரேன்? நான் இறங்குத பஸ்ல உங்க மக ஏறுததை ரெண்டு நாள் பாத்திருக்கேன், உங்ககிட்ட எப்படிச் சொல்லன்னு தெரியாம இருந்தேன். நீங்க டவுன் பஸ்ஸுன்னு சொன்னப்பவே எனக்கு விளங்கிருச்சு. கார் ரிப்பேராம்லா, கார்!"

"அப்பம் அன்னைக்கு ஏசுனது?"

"தெரிஞ்சுதான் ஏசுனேன். பின்னே, அடிச்சவனை ஏசாம மாலையா போடுவாவ?"

நான் பெரியக்காவைப் பார்த்தேன். "நாடகம் தெரியாதுன்னுதானே தினமும் கேட்டீங்க?"

"இந்தா நிக்காளே, இவளுக்கு இவ கூடப்பொறந்தவன் செல்லு வாங்கிக் குடுத்து ஒரு மாசம் ஆச்சு. ராத்திரி பஸ்ல பாத்துட்டு வந்து காலையில வந்ததுமே எங்களுக்குச் சொல்லிருவா. பச்சைச் சேலைன்னு நீ சொன்ன எதுவும் பச்சைச் சேலை இல்லை."

"பொறவு ஏன் கேட்டீங்க?"

அவர் பாக்கெட் மடிக்கிறதை நிறுத்தவில்லை. "உன் வீட்டுக்காரி போன பொறவு நீ இங்கன மொத்தமா பத்து வார்த்தை பேசியிருப்பியா? பாகையே பாத்துட்டு நின்னே. ஒரு நாள் விளையாட்டா நாடகம் என்னாச்சுன்னு கேட்டேன். வாயைத் தொறந்தே. சரி, இதுக்காவது தொறக்குதானேன்னு கேட்டுக்கிட்டே இருந்தோம். உன் வீட்டுக் கதை வரும்னு நாங்க என்ன கண்டோம்?"

நான் அடுப்புக்குத் திரும்பிப் போனேன். அன்றைக்கு முதல் சட்டியைக் கொஞ்சம் முந்தியே இறக்கிவிட்டேன். கண் சரியாகத் தெரியவில்லை.

தீபாவளி லீவு முடிந்த முதல் நாள் நாங்கள் நாலு பேர் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். நான், மகள், பெரியக்கா, பசுவந்தனைக்காரி. அவர்கள் இரண்டு பேரும் அரை நாள் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். பெரியக்கா கோவிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டியிருந்தார்.

பெரிய டீச்சர் எங்களை வரிசையாகப் பார்த்தார். "பிள்ளையோட அப்பா நீங்க. சரி. இவங்க?"

"இவியளுக்குப் பேச வராது டீச்சர்," என்றாள் பசுவந்தனைக்காரி. "நாங்க ரெண்டு பேரும் இவிய வாயி."

பெரிய டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். பெரியக்கா எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றைக்கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நான் அடித்ததையும் சொன்னார். வகுப்பு டீச்சரைக் கூப்பிட்டு விட்டார்கள். சின்ன வயதுப் பெண். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. என் மகள் பக்கத்தில் வந்து நின்று, "அத்தனை பேர் முன்னாடி நான் கேட்டிருக்கக் கூடாதும்மா. தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருக்கணும்," என்றார். டீச்சர் ஒருவர் பிள்ளையிடம் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. நான் படித்த காலத்தில் பிரம்புதான் பேசியது.

ரேங்க் கார்டை எடுத்தார்கள். என் மனைவியின் கையெழுத்து மூன்று கட்டத்தில் இருந்தது. நான் அதை உற்றுப் பார்த்தேன். எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. பெரிய டீச்சர் அந்த மூன்றையும் அடித்துவிட்டுப் புதிதாகப் போடச் சொன்னார். வகுப்பு டீச்சர், "அது இருக்கட்டும் மேடம், அடுத்த கட்டத்துல இருந்து அப்பா போடட்டும்," என்றார். பெரிய டீச்சர் பேனாவை மூடி வைத்தார். பிறகு சரி என்றார்.

நான் போட்டேன். என் பேர் எழுத எனக்கு நேரம் ஆகும். யாரும் அவசரப்படுத்தவில்லை.

மகள் வகுப்புக்குப் போனாள். பேர் அனுப்பினார்கள். பாஸ் பண்ணினாள். இப்போது தூத்துக்குடியில் நர்ஸிங் படிக்கிறாள். அந்தப் பெண்கள் இரண்டு பேருக்கும் நான் நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொன்னால் பசுவந்தனைக்காரி ஒரு மாதத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். முதலாளிக்கும் சொல்லவில்லை. அந்தக் கண்டக்டர் வேறு ரூட்டுக்குப் போய்விட்டார். இதை இங்கே சொல்லியிருப்பதுதான் என் நன்றி.

ஆனால் பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்த அன்றைக்கு எல்லாம் முடிந்துவிடவில்லை. சாயந்தரம் மகள் கேட்டாள்: "அந்த அக்காமாருக்கு பஸ் விஷயம் எப்படித் தெரியும்?"

பொய் சொல்ல எனக்கு ஓடவில்லை. நாடகம் என்று சொல்லி அவள் கதையைச் சொன்னதைச் சொன்னேன். அவள் முகம் கறுத்துவிட்டது. "ஊருக்கே சொல்லிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். இரண்டு நாள் பேசவில்லை. பள்ளிக்கூடத்துக்கு மட்டும் போனாள். ரேங்க் கார்டுக்கு ஒரு தப்பு, இதற்கு ஒரு தப்பு என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். வகுப்பில் டீச்சர் கேட்டதற்கும் கம்பெனியில் நான் சொன்னதற்கும் என்ன வித்தியாசம் என்று அவள் நினைத்திருந்தால், அது தப்பில்லை.

மூன்றாம் நாள் சாப்பிட உட்கார்ந்தோம். ஏழரை மணி. அவள் டிவியைப் போடவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு தன் மூலையை விட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"அவியகிட்ட எப்படிச் சொன்னீங்களோ அப்படியே எனக்குச் சொல்லுங்க," என்றாள். "ஒண்ணும் விடாம."

"ஒரு பிள்ளை," என்றேன். "அது பள்ளிக்கூடத்துக்குப் போகலை. காலையில பஸ்ல ஏறும். ஜன்னல் ஓரத்துல உக்காந்து காட்டைப் பாத்துக்கிட்டே போகும்…"

"காட்டை ஒண்ணும் பாக்கலை," என்றாள் அவள். "கண்ணை மூடிட்டுத்தான் இருப்பேன். எந்த ஸ்டாப்பு வந்திருக்குன்னு பஸ் குலுங்குறதை வச்சே சொல்லிருவேன். உங்களுக்கு ஒண்ணுமே தெரியலை யப்பா. தப்புத் தப்பாச் சொல்லியிருக்கீங்க. விடுங்க, நான் சொல்லுதேன்."

அவள் முதல் நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். அன்றைக்கு ஏன் பள்ளிக்கூடத் தெரு முக்கு வரை போய்த் திரும்பினாள், எந்த பஸ் முதலில் வந்தது, கண்டக்டர் என்ன கேட்டார், மத்தியானம் பசித்தபோது என்ன செய்தாள். சோறு தட்டில் காய்ந்தது. நான் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.